அதிகாரிக்கு வைத்த தண்ணீர்

அந்தக் கல்வி அதிகாரியை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. வாகனத்தால் இறங்கும்போதே சப்பாத்து மணலைத் தட்டிக்கொண்டு, "தீவாருக்கும் விஞ்ஞானக் கண்காட்சியோ?" என்று சிரித்தவர் அவர்.

போர் நின்றிருந்த சமாதானக் காலம் அது. புங்குடுதீவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் உயர்தர உயிரியல் வகுப்புத் தொடங்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்க வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளால்தான் முடியும். என் வகுப்பின் கெட்டிக்காரி ஒரு கடற்றொழிலாளியின் மகள். இங்கே வகுப்பு வராவிட்டால் அவளுக்கு உயிரியல் இல்லை.

முதல் உயிர் எப்படி வந்திருக்கும் என்று அறியச் சிலர் செயற்கை உயிர்க்கலம் கட்டிப் பார்க்கிறார்கள் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அதே பைத்தியம். அவ்வளவு தூரம் எங்களால் போக முடியாது. ஆனால் ஜெலற்றினையும் கருவேலம் பிசினையும் தனித்தனியே கரைத்துக் கலந்து கொஞ்சம் அமிலம் விட்டால் உருண்டைத் துளிகள் பிறக்கும். அவற்றுக்கு உயிரில்லை. ஒரு கலம் தன்னை வெளியிலிருந்து பிரித்துக்கொண்டது இப்படித் தொடங்கியிருக்கலாம், அவ்வளவுதான். உப்பு இருந்தால் துளி வராது. எங்கள் கிணறுகளோ உவர். இதை அதிகாரிக்குக் காட்டவென்று மழைநீரை வடித்து ஒரு பிளாஸ்ரிக் கானில் வைத்திருந்தோம்.

"செய்து வைச்சதைக் காட்ட வேண்டாம். எனக்கு முன்னால செய்யும்" என்றார் அதிகாரி. கானைத் தூக்கினேன். வெறுங்கான்.

பள்ளிக்கூட அதிபர் என் காதுக்குள், "பட்டணத்து ஆக்களுக்கு உவர்த் தேத்தண்ணி குடுக்கேலுமோ, ரீச்சர்? மானம் போகாதோ?" என்றார். தீவில் யாரும் அதைத்தான் செய்வார்கள். நல்ல தண்ணீர் முழுவதும் விருந்தாளிக்கு. ஆனாலும் அதிபரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

வேறு வழியின்றி அந்தப் பிள்ளை கிணற்றுத் தண்ணீரிலேயே செய்தாள். ஒரு துளியும் இல்லை.

"உயிர் கடலில வந்தது எண்டுதானே படிப்பிக்கிறியள்? உங்கட உப்பில மட்டும் வராதோ?" என்றார் அதிகாரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி நல்ல கேள்விதான், ஆராய்ச்சிக்காரர்களே அதில் அடிபடுகிறார்கள். ஆனால் அவர் அறிவதற்காகக் கேட்கவில்லை. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

தேநீரோடு அவர் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரும் இருந்தது. அதுவும் எங்கள் மழைநீர்தான். இன்னும் வாய் வைக்கவில்லை. நான் அதை எடுத்தேன். விருந்தாளிக்கு வைத்த தண்ணீரை எடுப்பது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். தெரிந்துதான் எடுத்தேன்.

அவள் புதிதாகக் கரைத்தாள், கலந்தாள், அமிலம் விட்டாள். கலங்கியது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தவள், "வந்திட்டுது ரீச்சர்!" என்று கத்தினாள்.

"வந்து பாருங்கோ, சேர்" என்றேன்.

"எனக்கு வைச்ச தண்ணியைப் பறிக்கிற இடத்தில எனக்கென்ன வேலை?" என்று எழுந்தார். குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை.

வகுப்பு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று அதிபர் நெடுநாள் புலம்பினார். கேட்டிருக்க மாட்டேன். இப்போதும் கேட்க மாட்டேன்.

அவள் எங்கள் பள்ளியிலேயே கலைப் பிரிவில் சேர்ந்தாள். வழியில் கண்டால் சிரிப்பாள், சுகம் விசாரிப்பாள். உயிரியலில் ஒரு கேள்விகூட அதன்பிறகு என்னிடம் கேட்கவில்லை.