நடுப்பகலில் அடங்கிப்போன ரேடியோ

என் மச்சான் ஒருமுறை சூரியனைப் பற்றிச் சரியாகச் சொன்னான். நான் அவனைப் பலர் முன்னால் கேலிப்பொருளாக்கினேன்.

அவன் என் மனைவியின் தம்பி. கடலூர் செம்மண்டலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். நான் சிதம்பரத்தில் இயற்பியல் ஆசிரியர். திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியோ அடங்கிய நாளும் மணியும் குறித்த ஒரு நோட்டை நீட்டினான்.

"மாமா, நல்ல மதியத்துல சிற்றலை மட்டும் செத்துப்போவுது. கொஞ்ச நேரத்துல தானா வந்துடுது. ராத்திரில ஒருநாளும் இப்பிடி ஆவல. சூரியன்தான் ஏதோ பண்ணுது."

"சூரியன் என்னடா பண்ணும்? உன் சால்டரிங்க பாரு."

பந்தியே சிரித்தது. அக்கா புருஷனை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. நோட்டை மடியில் செருகிக்கொண்டான்.

அடுத்த வாரமே நூலகத்தில் தேடிப் படித்தேன். அவன் சொன்னது சரி. அவனிடம் சொல்லவில்லை. முப்பது வருடம் சொல்லவில்லை.

சூரியனின் நடுப்பகுதி வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுழல்வதால் உள்ளே காந்தக் கோடுகள் முறுக்கேறுகின்றன. அவை மேலே பிதுங்கும் இடம் கரும்புள்ளி. எதிரெதிர்க் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறுவிதமாக இணையும்போது முறுக்கில் சேர்ந்த ஆற்றல் வெடித்துச் சிதறுகிறது. அதன் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்ப வேண்டிய சிற்றலையை, அந்தக் கதிர்கள் பட்ட கீழடுக்கு விழுங்கிவிடும். பகலாக இருக்கும் பக்கத்தில் மட்டும்!

இந்த வருடம் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று நம் பக்கம் திரும்பியது. பைனாகுலரோடு கடலூருக்கு பஸ் ஏறினேன்.

"நீ சொன்னது சரி. எனக்கு அப்பவே தெரியும்," என்றேன்.

"அப்பவேவா?" அவ்வளவுதான் கேட்டான். பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்தான்.

மாடியில் பைனாகுலர் வழியாகச் சூரியனை வெள்ளை அட்டையில் விழவைத்தேன். எள் சிதறியதுபோல் புள்ளிகள். பக்கத்தில் அவன் ரேடியோவில் ஏதோ சீனப் பாட்டு. இரண்டு மதியம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் மதியம் பாட்டு தேய்ந்தது, அமிழ்ந்தது, இரைச்சல்கூட அடங்கியது. பழக்கத்தில் அவன் கை ஸ்க்ரூடிரைவருக்குப் போனது.

"தொடாத!" என்று கத்தினேன். வானத்தில் பட்டுத் திரும்ப வேண்டாத கீழ்வீட்டு எஃப்.எம். அலறிக்கொண்டுதான் இருந்தது.

"இதேதான் மாமா! அன்னிக்கும் இதேதான்!" துள்ளினான், அறுபது வயதில்.

பிறகு நோட்டைப் பிரித்தான். கல்யாணத்துக்கு முந்தின நாளோடு எழுத்து நின்றிருந்தது. மீதியெல்லாம் வெள்ளைத் தாள்.

"எத்தினி தடவ வந்து போயிருக்கும். ஒன்னகூட எழுதாம வுட்டுட்டேனே."

பேனாவை என் கையில் திணித்தான். "எழுதுங்க. காரணத்தயும் எழுதுங்க."

மணியை எழுதி, பக்கத்தில் 'சூரியன்' என்று எழுதினேன். அதற்குள் பாட்டு மெல்ல மேலெழுந்து வந்தது. நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னா பாத்துனு நிக்கிறீங்க? திரும்பி வந்த மணிய யாரு எழுதுறது?"

அக்கா புருஷன் என்று பாராமல் அவன் என்னை அதட்டியது அதுதான் முதல் முறை. அவசர அவசரமாக எழுதினேன்.