புறங்கையில் ஒரு ஸ்டார்

அந்த மழலையர் பள்ளியில் அவளுக்கு ஸ்டார் டீச்சர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரை அலுவலக அறையில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே மூன்று அறை, ஒரு முற்றம், ஒழுகும் குழாய் ஒன்று. பள்ளி என்றால் அவ்வளவுதான். பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கி ஏதாவது கட்டினால், ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிப் புறங்கையில் ஒரு நட்சத்திரம் குத்துவாள். நல்லதுக்குத்தான் ஆரம்பித்தாள். யார்தான் கெடுதலுக்கென்று ஆரம்பிக்கிறார்கள்?

முதலில் பாலம், கோபுரம், லாரி ஷெட் என்று மணிக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள், போகப்போகக் கட்டை மேல் கட்டை வைத்த கையோடு கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றன. அதிலும் முதல் ஆள் அவளுடைய மகள். ஐந்து வயது, அதே வகுப்பு. முழங்கை வரை நட்சத்திரம் ஏறியிருக்கும். குளிக்கும்போது சோப்பு பட விடமாட்டாள். படம் வரைந்தால் கோட்டுக்குக் கோடு, "அம்மா, சரியா?" சட்டைப் பொத்தான் போட்டாலும் அதே கேள்விதான். பஸ் ஓட்டும் அப்பா, "சோத்தை முழுங்குறதுக்கும் உன் உத்தரவு வேணும்போல" என்று கிண்டல் செய்வார். டீச்சருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒரு நாள் மைப்பெட்டி காய்ந்துபோனது. அன்று கட்டைகளை யாரும் சீண்டவில்லை.

"ஏன்டா செல்லங்களா, விளையாடலையா?"

மகள்தான் பதில் சொன்னாள். "ஸ்டார் இல்லல்ல? அப்புறம் எதுக்குக் கட்டணும்?"

சுரீரென்றது. பிள்ளைகளிடமிருந்து விளையாட்டைப் பறித்ததே தான்தான் என்று புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மற்ற பிள்ளைகள் கிடக்கட்டும், தன் மகள் தன் முகத்தைப் பார்க்காமல் ஒரு காரியமாவது செய்வாளா?

ஸ்டாம்பைக் குப்பையில் போட்டாள். சபாஷையும் நிறுத்தினாள். கிழிந்த பொம்மைகளையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். வகுப்பு இழவு வீடு மாதிரி ஆனது. "பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்குதுங்க, நீங்க பொம்மைக்குத் தையல் போட்டுட்டு இருக்கீங்களேம்மா" என்று ஆயா கேட்டேவிட்டாள். மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

இப்படியே நாட்கள் போக, சலிப்புத் தாங்காமல்தான் பிள்ளைகள் முற்றத்துக்குப் போயின. ஒழுகும் தண்ணீரை எதிர்ச்சுவரோரச் செடிக்குக் கொண்டுபோகலாம் என்று யாருக்கோ தோன்றியது. நெடுக்கே பிளந்த பிளாஸ்டிக் பைப் ஒன்று கிடந்தது. கட்டைகள் இருக்கவே இருந்தன. செடிப் பக்கத்து முனைக்குக் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் பாதி வழி போய்த் திரும்பி வந்தது. இன்னும் தூக்கினார்கள், இன்னும் சீக்கிரம் திரும்பி வந்தது. குழாய்ப் பக்கம் தூக்கினால் வேலை முடிந்தது. டீச்சருக்கு நுனி நாக்கு வரை வந்துவிட்டது. மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். டீச்சர் குனிந்து நூலைக் கடித்தாள்.

மகள் தண்ணீரையே கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு செடிப் பக்கத்துக் கட்டையை உருவிக் கொண்டுவந்து குழாய்ப் பக்கம் அடியில் திணித்தாள். இன்னொன்றையும் உருவினாள்.

"ஏய், போகுது! போகுதுடா!"

கத்தியது கூட்டாளிகளைப் பார்த்து. அம்மாவைத் தாண்டித்தான் ஓடினாள், ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது தானாகச் சொல்வாள் என்று டீச்சர் காத்திருந்தாள். டயர் கடை போனது, தெருமுனையும் போனது. பொறுக்க முடியாமல், "இன்னைக்கு என்னடி பண்ணே?" என்றாள்.

"விளையாடினேன்." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னாள்: "நாளைக்கு அதை வாசல் வரைக்கும் கொண்டுபோகப் போறோம். நீ அங்க வராதம்மா. வந்தா சொல்லிக் குடுத்துடுவ."

டீச்சருக்கு மனம் நிறைந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"வரலை" என்றாள். மகள் அதற்குள் முன்னால் போய்விட்டிருந்தாள்.