சேலத்தில் கிடைத்த சீட்டு

சேலத்திலிருந்து கடிதம் வந்தபோது பேபி கல்லூரிக்குப் போகத் தொடங்கி இருபது நாள் ஆகியிருந்தது. 1987ஆம் வருஷம். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில், இறங்கி இன்னொரு பஸ். நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல். போய்வரும் அலுப்பில் சாப்பிடும்போதே கண் சொருகும். ஆனாலும் பிடித்திருந்தது. ஆய்வகத்தில் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடிகளுக்கு நடுவே கறுப்பு வளையங்கள் தெரிந்த அன்று, மணி அடித்தும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

கடிதத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்திருப்பதாக இருந்தது. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும்.

அவள் அப்பா வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில் உலையடி வேலை பார்த்தார். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம். கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க கம்பெனில இன்ஜினீரு உள்ள வந்தா ஃபோர்மேனே எழுந்து நிக்கிறான். நாளிக்கு உனுக்கும் நிப்பான். பிசிக்ஸ் படிச்சா எவன் நிப்பான், சொல்லு?"

வளையங்களைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார், இல்லை அடிப்பார் என்று பேபி நினைத்தாள்.

அம்மா கெங்கம்மாள்தான் பேசினாள். "வயசுப் பொண்ண அம்மாந்தூரம் ஆஸ்டல்ல உட்டுட்டு, நான் இங்க எப்டி சோறு துன்றது? எதுனா ஆச்சின்னா நீயா பதில் சொல்லுவே?"

ஒன்பது நாள் சண்டை. வேம்புலி தட்டை விசிறியடித்தார். கெங்கம்மாள் பட்டினி கிடந்தாள். கடைசியில் அவர் மகளிடமே திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. போறியா?"

"அம்மா பயப்படுது நைனா" என்றாள் பேபி.

அதோடு முடிந்தது. அம்மாவின் பயத்துக்குப் பின்னால் தன் ஆசையை ஒளித்துவைத்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

படித்தாள். மேலே எம்.எஸ்சி. படிக்க வழியில்லை. பி.எட். முடித்து ஆவடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையானாள். சாயங்காலம் வீட்டில் டியூஷன். வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் நுழைவுத்தேர்வு ஒன்றுதான் குறி. "மிஸ், இது கேள்வில வருமா?" என்பார்கள். வராது என்றால் நோட்டை மூடிவிடுவார்கள். அவள் அடுத்த பாடத்துக்குப் போவாள். யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜினீயரிங் கிடைத்தாலும் அன்றைக்கு வேம்புலி கெங்கம்மாளைத் திட்டுவார். அது எட்டு வருஷம் நடந்தது.

தொண்ணூற்றைந்தில் பக்கத்துத் தெரு பரந்தாமன் தன் மகனுக்குச் சீட்டு கிடைத்ததென்று லட்டு கொண்டுவந்தார். பேபியிடம் படித்த பையன். அவர் போனதும் வேம்புலி ஆரம்பித்தார். "எம்பொண்ணு சொல்லிக்குடுத்த பையன் இன்ஜினீரு. எம்பொண்ணு வாத்தியாரு. எல்லாம் இந்த மகராசி குறுக்க வுழுந்ததால."

பள்ளியில் ஆறு வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தாள் பேபி. இனி முடியாது என்று தோன்றியது.

"அம்மா மேல தப்பு இல்ல நைனா. நாந்தான் போவ வேணாம்னு நெனச்சேன். எனுக்கு பிசிக்ஸ்தான் புடிச்சிருந்துது."

வேம்புலி கையிலிருந்த லட்டைத் தட்டில் வைத்தார்.

"அத்த அப்பவே சொல்லிக்கலாமே. நான் இன்னா, உன்ன வெட்டிப் போட்டுடவா போறேன்?"

கோபமே இல்லாமல் அவர் அப்படிக் கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

கெங்கம்மாள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எட்டு வருசம்" என்றாள். "வாங்கிக் கட்டிகினது நானு. நீ பாத்துகினு இருந்தியே."

"அம்மா..."

"போயி வேலயப் பாரு."

மறுநாள் காலை டிபன் பாக்ஸ் வழக்கம்போல நிரம்பியிருந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பும் அம்மா அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. திருத்தாத விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பேபி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.