சிக்காகோ வெற்றிக்கு ஒரு கிளாஸ் வைன்

1987ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத் தொடக்கம். சூரிச்சுக்குப் பக்கத்தில் ஊஸ்டர் நகரில், ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் போயிருந்தது. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஒரு வாக்கெடுப்பு. அகதிச் சட்டத்தை இன்னும் இறுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. பல வாரங்களாகவே எங்களைப் பற்றித்தான் பேச்சு. தமிழன் என்றால் உதவிப் பணத்தில் தோல் ஜாக்கெட், தமிழன் என்றால் போதைப்பொருள் என்று ரயிலில் எங்கள் காதுபடவே சொல்வார்கள். வாக்குப் போட்ட கையோடு குடும்பம் குடும்பமாக எங்கள் உணவகத்துக்குச் சாப்பிட வந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்கி முடிப்பதற்குள் வானொலியில் முடிவு வந்துவிட்டது. இறுக்கலாம். அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

புதன்கிழமை மதியம், வழக்கமான வாடிக்கையாளர்கள் கூடும் மூலை மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக ஜெர்மன் பேசும் ஒரே ஆள் அவர்தான். அதனால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அமெரிக்காவில் சிக்காகோ நகர மேயர் தேர்தலில், ஏற்கெனவே பதவியில் இருந்த கறுப்பின மேயரே மறுபடியும் வென்றுவிட்டார் என்று அப்போதுதான் வானொலி சொல்லியிருந்தது. ஆசிரியருக்குப் பிடிபடாத சந்தோஷம். அங்கே வெள்ளையர்கள் அவரை எப்படியெல்லாம் எதிர்த்தார்கள், கடைசியில் நியாயம் எப்படி வென்றது என்று மேசைக்கே பாடம் நடத்தினார். பிறகு ஒரு கிளாஸ் வைனை என் பக்கம் நகர்த்தினார்.

"உம்மட ஆள் வெண்டிட்டார். எங்களோட இருந்து இதைக் குடியும்."

மேசை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். அதுதான் எனக்குள் நெருப்பு வைத்தது. எனக்கு வந்த உடைந்த ஜெர்மனில் கேட்டேன்:

"ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னெண்டு வோட்டுப் போட்டனீங்கள்?"

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேற விசயம்" என்றார். வைனைத் தொடாமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன்.

முதலாளி பின்னாலேயே வந்தார். கத்தவில்லை. மாலை வேலைக்கு வரும்போது ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்றார். வேலை போனால் எனக்கு மறுபடியும் அகதி முகாம்தான்.

மதிய இடைவேளையில் அறைக்குப் போய், என்னோடு தங்கியிருந்த அண்ணையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டவர் கட்டிலை விட்டே எழும்பிவிட்டார்.

"எங்களைக் கொண்டுபோய்க் கறுவலோட சேர்த்துக் கதைச்சவனோ? நாங்கள் என்ன அவங்கள் மாதிரியோ? நாங்கள் படிச்ச சனம் எண்டு சொல்லியிருக்கலாமெல்லே?"

அவருக்கு எதில் கோபம் என்று முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, ஆசிரியர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. இன்ன இனம் என்பதற்காக அடிபட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தவர்கள் நாங்கள். வந்த இடத்திலும் எங்களுக்குக் கீழே ஒருவன் வேண்டியிருக்கிறது.

"அண்ணை, ரெயினில எங்களுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கினமில்லை. அது உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்பதில்லை என்ற முடிவோடுதான் மாலை போனேன். எனக்கு முன்பே ஆசிரியர் வந்து முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். என்னை நிறுத்தக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டாராம். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் ஓம் எண்டுதான் போட்டனான். நாளைக்குத் திரும்ப வைச்சாலும் அப்பிடித்தான் போடுவன். ஆனா நீர் நல்ல பிள்ளை."

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று வந்த நான், "நன்றி" என்றேன்.

இவ்வளவு வருடம் கழித்தும் அந்தச் சொல் நாக்கில் சுடுகிறது. என்னை உள்ளே விடாதே என்று வாக்களித்த கையே எனக்கு வேலையைத் திருப்பித் தந்தது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அனுமதி கிடைத்தது, காலப்போக்கில் குடியுரிமையும் கிடைத்தது. அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். இன்று எனக்கும் இந்த நாட்டில் வாக்கு இருக்கிறது. எங்கள் ஆட்களே புதிதாக வருகிற அகதிகளைக் காட்டி, இவங்களை ஏன் உள்ளே விடுகிறாங்கள் என்று கேட்கும்போது, கல்யாண வீடு என்றும் பார்க்காமல் சண்டைக்குப் போய்விடுகிறேன். வயது போகப் போகக் கோபம் அடங்கும் என்கிறார்கள். கடலுக்கு அப்பால் வெல்லும் நியாயத்துக்குக் கை தட்டிவிட்டு, வாசலில் வந்து நிற்பவனுக்குக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கும்வரை இது எனக்கு அடங்க வேண்டாம்.