அந்தக் கடற்கரையில் மணல் உண்டா?

டிராவல்ஸ் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்குக் கடலைப் பார்த்தால் கவிதை வராது. அங்கிருந்து பாத்ரூம் எத்தனை அடி தூரம் என்றுதான் மனசு கணக்குப் போடும். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில், இரண்டு மேஜை, ஒரு உலக வரைபடம், ஓயாமல் முனகும் ஒரு ஏசி. இதுதான் என் ஆபீஸ். கூட இருப்பது செல்வின். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், பூர்வீகம் நாசரேத் பக்கம். பன்னிரண்டு வருஷமாக என்னை "அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே என் தப்புகளைக் கண்டுபிடிக்கிறவன்.

சொந்தக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, "லோயர் பெர்த் ஏன் வரலை?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், நாம் ஒரே கட்சி. போன வருஷம் ஒரு டீச்சரைக் கடலில் நீந்த வைக்க நான் பட்ட பாட்டை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

மாணவர்கள் இல்லாத கடல்

எஸ்தர் டீச்சர் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இப்போது செம்பூரில் குடியிருக்கிறார். இரண்டு முழங்கால் மூட்டையும் மாற்றியாகிவிட்டது. தண்ணீரில் நின்று உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதால், அறுபத்தோரு வயதில் நீச்சல்குளத்தில் லேடீஸ் பாட்ச்சில் சேர்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆறே மாதத்தில் நீச்சலே கற்றுக்கொண்டுவிட்டார். எங்கள் மாடிப்படி பதினெட்டையும் கைத்தடியோடு நின்று நின்று ஏறி வந்து, மூச்சு சமநிலைக்கு வந்ததும் சொன்னார்: "தரையிலதான் மீனாட்சி நான் கிழவி. தண்ணிக்குள்ள எறங்கிட்டா எனக்கு வயசே கெடையாது. ஒரே ஒரு தடவை கடல்ல நீந்திரணும்."

டாக்டரும் சம்மதித்திருந்தார், மூன்று நிபந்தனைகளோடு. அலை அடிக்கக் கூடாது. தரை திடீரென்று இறங்கக் கூடாது. காலுக்கடியில் கல் இருக்கவே கூடாது, கால் பிசகினால் புது மூட்டுக்கு ஆபத்து. மத்தியதரைக் கடல் செப்டம்பரில் குளம் மாதிரி கிடக்கும் என்று பாட்ச்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, கோவா இருக்கிறது, அந்தமான் இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார்.

"அந்தமான்ல எங்க சபைக்காரங்க பாதிப் பேரு இருக்காங்க. கோவாவுல போன வாட்டி ஹோட்டல் வாசல்லயே ஒருத்தன் 'டீச்சர்'னு கால்ல விழுந்தான். நீச்சல் டிரெஸ்ல நான் நிக்கும்போது எவனும் என் கால்ல விழக் கூடாது, பாத்துக்கோ."

பர்த்தி எத்தனை மணிக்கு?

டீச்சரின் கணவர் தங்கராஜ் சார். ஹார்பர் லைனில் மோட்டார்மேனாக லோக்கல் ரயில் ஓட்டியவர். ரிடையராகி ஆறு வருஷமாகியும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவு என்று முடிவானதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்க பர்த்தி எத்தனை மணிக்கு?" என்பதுதான். பர்த்தி என்றால் கடல் ஏற்றம், பம்பாய்க்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. கடல் ஏறுகிற நேரத்தைப் பேப்பரில் பார்க்காமல் மழைக்காலத்தில் மாஹிமிலிருந்து குர்லாவுக்குக்கூடக் கிளம்ப மாட்டோம். நான் தேடிப் பார்த்துவிட்டு, "சார், அந்தக் கடல்ல பர்த்தின்னு பெரிசா ஒண்ணும் கெடையாது. நாள் முழுக்க ஏறினாலும் ஒரு முழம் ஏறாது" என்றேன். எனக்குச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டார். அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தார்: தேதி, ஏறும் நேரம், இறங்கும் நேரம். "எழுதிக் குடுங்க" என்று நீட்டினார். செல்வின் சிரிப்பை அடக்க டீ சொல்லப் போவது மாதிரி வெளியே போய்விட்டான்.

மூன்றாவது தடவை தனியாக வந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். "ஏன் சார் இதையே கேட்டுண்டிருக்கேள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் பேசியது அன்றைக்கு மட்டும்தான். இருபத்திரண்டு வயதில் பம்பாய்க்கு வந்து, ஊர்க்காரப் பையன் ஒருவனோடு ஒரே அறையில் இருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். அந்தப் பையன் பாறையில் ஏறி உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஏறிவிட்டது. "நாங்க ரெண்டு பேரும் மணியே பாக்கலம்மா. எனக்கு நீச்சலும் தெரியாது. கரையில நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு நாற்பத்து நாலு வருஷமாக அவர் கடலில் கால் நனைத்ததில்லை.

நான் எரிச்சல்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து அந்தத் தீவுக்குக் கிடைத்த கணக்கையெல்லாம் நாள்வாரியாக பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"பத்து சென்டிமீட்டர்தானா? சரி, அவ எறங்கட்டும். ஆனா நான் கரையில நின்னு பாத்துக்கிட்டேதான் இருப்பேன், அதை யாரும் வேண்டாங்கக் கூடாது."

எக்ஸ்ரே

ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் முழங்காலைப் பார்த்துக் கத்துமே என்பது டீச்சருடைய அடுத்த கவலை. டாக்டர் கடிதம் ஒன்று போதும் என்று சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, நிரூபணம் வேண்டும். இரண்டு முழங்காலின் எக்ஸ்ரேயையும், முன்பக்கம், பக்கவாட்டு என்று நாலு படமாக எடுத்துக்கொண்டு வந்து, எதில் வைத்துக் கொண்டுபோவது என்று கேட்டார். பையில் வைத்தால் மடங்கிவிடும். சுருட்டிக் கையில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன். தங்கராஜ் சார் பதறிப்போனார்.

"அதை நீளமாச் சுருட்டிக் கையில பிடிச்சா துப்பாக்கின்னுலா நெனைப்பான்!"

உண்மை சொன்ன கவுண்ட்டர்

நீந்தப் போகிற விஷயத்தை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. சபையில், அக்கம்பக்கத்தில், எல்லாரிடமும் "சும்மா சுத்திப் பாக்க" என்றுதான். வீசாவுக்குக் கைரேகை கொடுக்கும் நாளன்று நானும் துணைக்குப் போனேன். டோக்கன் நம்பர் வந்ததும் டீச்சர் கவுண்ட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஃபாரத்தில் பேரைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். "டீச்சர், நான் ஏழாம் கிளாஸ் கலைச்செல்வி!" எனக்குத் திக்கென்றது. தப்பி ஓடத்தான் டீச்சர் கண்டம் தாண்டுகிறார், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்களே.

"சர்ச் எல்லாம் பாக்கவா போறீங்க டீச்சர்?" என்று அந்தப் பெண் பாசமாகத்தான் கேட்டாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்னவருக்கு, ஒரு பிள்ளையிடமே பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. கடல்ல நீந்தப் போறேன். இங்க லேடீஸ் பாட்ச்சுல சேந்து கத்துக்கிட்டேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். சிரிக்கப் போகிறாள் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணாடியின் துளைக்குக் கிட்டத்தில் குனிந்தாள்.

"டீச்சர், அந்த லேடீஸ் பாட்ச் எத்தனை மணிக்கு?"

ரப்பர் ஷூ

பதினாறாம் நாள் வீசா வந்தது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், செல்வின் மாஹிம் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினான். கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பொழுதுபோகாமல், ஹோட்டலைப் பற்றி அங்கே தங்கியவர்கள் எழுதியதைச் செல்வின் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். காலைச் சாப்பாடு அருமை, படுக்கை அருமை, கடலுக்குப் போக ரப்பர் ஷூ மறக்க வேண்டாம். "ரப்பர் ஷூ எதுக்குக்கா?" என்றான். காலில் கல் குத்தாமல் இருக்கத்தான் என்று உறைத்ததும் தயிர்சாத டப்பாவை மூடி வைத்தேன்.

தப்பு என்னுடையதுதான், ஒளிக்கப் போவதில்லை. பீச் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டேன், இரண்டு நிமிஷ நடை என்றார்கள். மணல் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. எப்படித் தோன்றும் சொல்லுங்கள்! ஜூஹுவில் மணல் இருக்கிறது, சௌபாத்தியில் இருக்கிறது, மெரினாவில் இருக்கிறது, திருச்செந்தூரில் இருக்கிறது. மணல் இல்லாமல் ஒரு பீச் இருக்கும் என்பது எனக்கு ஐம்பத்து நாலு வயதில் தெரிந்த செய்தி. ஹோட்டல் படத்தில் சாயங்கால வெயிலில் பொன்னாக மின்னியதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாம் கூழாங்கல், ஒவ்வொன்றும் கொழுக்கட்டை அளவு. டீச்சர் அவ்வளவு தூரம் பறந்து போய், கைத்தடியோடு கரையிலேயே நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் காட்சி என் கண்முன் ஓடியது.

செல்வின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது பீச் இல்ல. சார் வாழ்க்கை பூரா ரயில் ஓட்டுனாங்கல்லா, அந்த டிராக்குல போடுத ஜல்லி."

நடங்கள், மேடம்

மணல் உள்ள பக்கத்தில் எல்லா ஹோட்டலும் நிரம்பிக் கிடந்தன. இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. கடைசியில் தீவின் மேற்குக் கோடியில், எட்டே அறை உள்ள ஒரு வீட்டு ஹோட்டல் கிடைத்தது. நடத்துவது மரியா என்று ஓர் அம்மாள். மணல்தான், மணல்தான் என்று அவர் சத்தியம் செய்யாத குறை. ஆனால் சூடு கண்டவள் நான், படத்தையும் நம்ப மாட்டேன், வார்த்தையையும் நம்ப மாட்டேன். செல்வின் வீடியோ காலில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் டீச்சரின் முழங்கால் கதையைச் சொல்லி, கடைசியில் "ப்ளீஸ் வாக், மேடம்" என்றான்.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். செருப்பைக் கழற்றினார். பாவாடை நுனியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்தார். மாட்டுங்காவில் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணினோம். இருபது அடியில் கணுக்கால். நாற்பதில் முழங்கால். அறுபதில்தான் இடுப்பு. அலை என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. ஃபோனைக் கீழே திருப்பிக் காட்டினார், தண்ணீருக்குள் கால்விரல்கள் பத்தும் பளிச்சென்று தெரிந்தன. குனிந்து ஒரு கை மணலை அள்ளி ஸ்கிரீன் முழுக்கக் காட்டினார். முகம் தெரியாத ஏதோ ஒரு ஊர்க்காரிக்காக இடுப்புவரை நனைந்து நிற்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வினும் மூக்கை உறிஞ்சினான்.

"இவ்வளவு நனைஞ்ச பொறவு நாம கேன்சல் பண்ணுனா, எந்தச் சாமியும் நம்மள மன்னிக்காதுக்கா."

பாதி மார்க்

விஷயத்தை டீச்சரிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. இடம் மாறிவிட்டது, இன்னும் நல்ல இடம் என்று சொன்னால் போதும், தேடியா பார்க்கப் போகிறார்? ஆனால் வீசா கவுண்ட்டரில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. ஃபோன் செய்து, மணலா என்று கேட்க மறந்ததிலிருந்து மரியா நனைந்தது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். ஏழாம் கிளாஸில் பெஞ்ச்மேல் நிற்பது மாதிரி நான் நின்றுகொண்டுதான் பேசினேன். "இப்ப அங்க மணல்தானே, நிச்சயமா?" என்றார். "அறுபது அடிவரைக்கும் மணல்தான் டீச்சர், எண்ணிப் பாத்துட்டோம்" என்றேன்.

"வழி தப்பு, விடை சரி. பாதி மார்க் போடுதேன்."

இருபத்திரண்டு நிமிஷம்

அவர்கள் தீவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் ஆபீஸில் வேலை ஓடவில்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் செல்வின் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். முலுண்டிலிருந்து ஒருவர் சிங்கப்பூருக்கு விலை கேட்டார், அவரிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. டிபன் டப்பாவைத் திறந்தபோது டீச்சரிடமிருந்து ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டீச்சரின் குரல்: "மீனாட்சி, நீந்திட்டேன்!"

கைத்தடியை ஈரமணலில் குத்தி வைத்துவிட்டு, மரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அறுபது அடி நடந்து, அறுபத்தோராவது அடியில் கையை விட்டாராம். கரைக்கு இணையாகப் போய் வந்தாராம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "இருபத்திரண்டு நிமிஷம். சார்தான் டைம் எடுத்தாரு" என்றார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். மூன்று மாதமாக இறுக்கிப் பிடித்திருந்த தோள் அப்போதுதான் கீழே இறங்கியது. "சார் கரையில பத்திரமா இருக்காரா?" என்று செல்வின் குறுக்கே புகுந்து கேட்டான். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு அழுகை மாதிரி ஆகிவிட்டது.

"கரையில எங்க இருக்காரு! இடுப்பளவு தண்ணிக்குள்ள நிக்காரு, வாட்ச்சை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்காரு. கரையில நின்னா நான் சரியாத் தெரியலையாம்."

இப்போதெல்லாம் எங்கள் ஆபீஸில் யார் வந்து எந்த பீச் கேட்டாலும், அது ஜூஹுவாகவே இருந்தாலும் சரி, முன்பின் தெரியாத யாரையாவது ஒருவரைத் தண்ணீருக்குள் அறுபது அடி நடக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறோம்.