இடது கைக் கட்டைவிரல்

மகள் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் எங்கள் அப்பார்ட்மெண்ட் குளியலறையில் அவளைக் குளிப்பாட்டி முடித்து, அக்குள்களுக்குக் கீழே கைகொடுத்துப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து தூக்கினேன். இடது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று வலித்தது. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. ஈர உடம்பு நழுவித் தண்ணீருக்குள் போனது. வலது கையால் வாரி எடுத்துத் தோளில் போட்டேன். இருமினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாலையில் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் குழந்தையை வாங்கித் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"இது கிட்டாராலதான். டெலிவரி ஆன உடனே ப்ராக்டீஸ் ஆரம்பிச்ச இல்ல? கொஞ்ச நாள் அதத் தொடாத."

"கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள்?"

"கை சரியாகற வரைக்கும். டாக்டர்கிட்ட அப்பாயிண்ட்மெண்ட் போடு."

"பாக்கலாம்" என்றேன்.

போடவில்லை. டாக்டர் கிட்டாரை நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

சென்னையில் கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்திருக்கிறேன். எந்த இடத்தில் எதை வாசிப்பது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். இங்கே வந்து சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் ஜாஸ் கற்றபோதுதான், தெரிந்த மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு அதன் மேல் அந்த நிமிடம் தோன்றியதை வாசிக்கலாம் என்று தெரிந்தது. பத்து வருஷமாக வாசித்த கருவி புதிதாகக் கைக்கு வந்தது போலிருந்தது. ஒரு டிரம்மர், பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு பெண், நான் என்று மூன்று பேர் சேர்ந்தோம். ஞாயிறு முற்பகல்களில் பக்கத்து ஊர் ரெஸ்டாரண்ட் ஒன்றில் வாசித்தோம். தமிழ்ச் சங்கத்தில் பார்க்கும் ஆண்ட்டிகள், "சினிமா பாட்டு வாசிப்பியாமா?" என்று கேட்பார்கள். வாசிப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

அந்தக் குளியலுக்குப் பிறகு என் பகல்கள் தரையில் கழிந்தன. கணவர் கிளம்புவதற்கு முன் குழந்தையைக் கார்ப்பெட்டில் விரித்த போர்வையில் படுக்கவைத்துவிட்டுப் போவார். நானும் பக்கத்தில் படுத்துப் பால் கொடுப்பேன், அங்கேயே டயப்பர் மாற்றுவேன். தரையிலிருந்து அவள் விழ வேறு இடம் கிடையாது. தூக்கியே ஆகவேண்டுமென்றால் என் முழு பலத்தோடு இறுக்கிப் பிடிப்பேன். அவள் நெளிந்து அழுவாள். அவளுக்கு என் பயம் தெரிந்துவிட்டதோ என்று இன்னும் அதிகமாகப் பயப்படுவேன்.

அவள் தூங்கியதும் கிட்டாரை எடுப்பேன். வாசிக்க அல்ல, கை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க. நாலு சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகளில் மிகக் கஷ்டமானதைப் பிடிப்பேன். வலிக்கும். ஒருவேளை தப்பாகப் பிடித்தோமோ என்று மறுபடி பிடிப்பேன். இண்டர்நெட்டில் தேடினால், ஆபரேஷனுக்குப் பிறகு வாசிப்பையே விட்டவர்களின் கதைகள்தான் கண்ணில் பட்டன. அவற்றைப் படித்துவிட்டு மறுபடி போய்க் கட்டைவிரலை மடக்கிப் பார்ப்பேன்.

நாலாவது மாதம் ரெஸ்டாரண்டுக்குத் திரும்பப் போனேன். கணவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. மெதுவான ஒரு பாட்டின் நடுவே கட்டைவிரல் அப்படியே பூட்டிக்கொண்டது. கார்ட் பாதியில் அறுந்தது. பேஸ் வாசிக்கும் தோழி என்னைப் பார்க்காமலேயே அந்த இடத்தைத் தன் வாசிப்பால் நிரப்பினாள். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. முடிந்தது, அவ்வளவுதான் என்று மட்டும் தோன்றியது.

இடைவேளையில் பார்க்கிங் லாட்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள். வார நாட்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறாய்" என்றாள் ஆங்கிலத்தில். "கிட்டாரின் கழுத்தை நெரிக்கிறாய். எவ்வளவு நாளாக வலிக்கிறது?"

சொன்னேன். குளியல் தொட்டியையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"கைக்கென்றே டாக்டர் இருக்கிறார். நாளைக்கு நீ போன் பண்ணாவிட்டால் நான் பண்ணுவேன்."

க்ளினிக்குக்குக் கணவர்தான் காரில் கூட்டிப் போனார். டாக்டர் என் கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை மூடச் சொல்லி, மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். நான் போட்ட கத்தலில் வெளியே கணவர் மடியில் இருந்த மகளும் அழத் தொடங்கினாள்.

கட்டைவிரலை இயக்கும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கிறது என்றார். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களுக்கு அடிக்கடி வருவதாம். முதலில் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை, கூடவே பயிற்சி. கேட்காவிட்டால் ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அடுத்த முறை வரும்போது கிட்டாரையும் குழந்தையையும் கொண்டுவரச் சொன்னார், அங்கே கைப்பயிற்சி தரும் தெரபிஸ்ட். கொண்டுபோனதும், குழந்தையை நான் தூக்கும் விதத்தைப் பார்த்தார். கட்டைவிரல் தனியாக விரிந்து, மொத்த எடையையும் தாங்கிக்கொண்டு நின்றது. அப்புறம் வாசிக்கச் சொன்னார். அதே கட்டைவிரல் கிட்டாரின் பின்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"முக்கியக் காரணம் தூக்கும் விதம்" என்றார். "கிட்டார் அதை அதிகமாக்குகிறது. இரண்டையுமே விடவேண்டாம். இரண்டையும் மென்மையாகப் பிடிக்கப் பழகவேண்டும்."

வெளியே வந்ததும் கணவர் காரை ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் பாட்டுக்கு கிட்டார்மேல பழிய போட்டுட்டேன்" என்றார்.

"எனக்கும் கிட்டார்தான் காரணமோன்னு பயம்தான். நிறுத்தச் சொல்லிருவாங்கன்னுதான் வராமயே இருந்தேன்."

"ஆபரேஷன் வரைக்கும் போகாது, பாரு."

"போச்சுன்னா?"

அவர் காரை ஸ்டார்ட் பண்ணினார். என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

வீட்டில் ஒரு தலையணையை வைத்துப் பழகினேன். உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்க, முன்கைகளால் அள்ளி எடுப்பது. பிறகு, கணவர் பக்கத்தில் நிற்க, மகளை. அவர் கைகளை நீட்டிக்கொண்டே நிற்பார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பட்டை கழற்றும் நேரங்களில் கிட்டார். தந்தியின் மேல் விரலை வெறுமனே வைத்து மீட்டினால் கட்டையாகச் சத்தம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் ஓரிடத்தில் சுரம் தெளியும். அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண். இத்தனை வருஷம் நான் அழுத்தியதில் பாதிக்கும் மேல் வீண்தான். ஆம்பிளிஃபயரின் ஒலியைக் கூட்டிவைத்தேன், கை பாடுபட வேண்டியதில்லை. நாலு சுரக் கார்டுகளை விட்டு இரண்டு சுரங்களை மட்டும் பிடித்தேன். அடிச்சுரத்தைத்தான் பேஸ் வாசிக்கிறதே. மூச்சை வெளியே விட்டுவிட்டு ஒரு வரி, கையைத் தொங்கவிட்டு ஓய்வு, மறுபடி ஒரு வரி. வலி வருவதற்கு முன்பே நிறுத்துவது. இதுதான் கஷ்டம். நன்றாக வரும் நேரத்தில்தான் நிறுத்த மனம் வராது.

இத்தனைக்கும் நடுவில் ஊசியும் போடவேண்டி வந்தது. ஊசி போட்ட இரவு கை இன்னும் மோசமாக வலித்தது. ஆபரேஷன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் வலி தணியத் தொடங்கியது. அதையும் நான் நம்பவில்லை. காலையில் கண் திறப்பதற்கு முன்னாலேயே போர்வைக்குள் கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொள்வேன்.

மகள் உட்காரத் தொடங்கிய பிறகு மறுபடி ரெஸ்டாரண்டில் வாசித்தேன். கணவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு முன் மேஜையில் இருந்தார். இரண்டாவது பாட்டில் கையில் எங்கோ லேசான சுருக். வலியா, வலியின் நினைவா, தெரியவில்லை. தாடை இறுகுவது தெரிந்தது. கையைத் தந்திகளிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். தோழியின் பேஸ் தனியாக நடந்தது, டிரம்மர் துணை போனார். மூச்சு சீரானதும் இரண்டு சுரங்களோடு உள்ளே வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை.

"நடுவுல வாசிக்காம இருந்தியே, வலிச்சுதா?" என்று காரில் கேட்டார் கணவர்.

"இல்ல. பயமா இருந்துது. அதான் கைய எடுத்துட்டேன்."

"ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துது."

ஆபரேஷன் இல்லாமலே கை சரியானது. பயம் அப்படிப் போகவில்லை. இரண்டாவது முறை கர்ப்பம் உறுதியான அன்று, குழந்தையின் பெயரைப் பற்றி யோசிக்கும் முன்பே தெரபிஸ்டுக்குப் போன் செய்தேன்.