மஞ்சள் பெருக்கல் குறி

இது எனக்கு நடந்தது. போன ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று நான் குடித்திருக்கவில்லை. பிளாஸ்கில் இருந்தது வெறும் டீ. காய்ச்சல் இல்லை. கண்ணிலும் கோளாறு இல்லை. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இனி நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் நெரிடா. டாஸ்மேனியாவில், ஏரிகளுக்கு ஏறிப்போகிற மலைப்பாதையில் எங்கள் ஊர். பேக்கரியில் வேலை. விடிவதற்குள் ரொட்டி சுட்டு முடித்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் பொழுது என்னுடையது. காட்டு மிருகங்களைக் கறுப்பு மையில் வரைவேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. பென்சில் என்றால் அழிக்கலாம். மையில் போட்ட கோடு போட்டதுதான். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

என்னைப் போல ஏழெட்டுப் பேர் வியாழக்கிழமைகளில் ஊர்ப் பொது மண்டபத்தில் கூடி வரைவோம். அதில் கென்னட் என்று ஒரு வாயாடி. நான் வரைந்த வாம்பட் படத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

“நெரிடா, இது வாம்பட்டா, உருளைக்கிழங்கு மூட்டையா? மூட்டைக்கு மீசை வேற வச்சிருக்கே!”

“உனக்கு மட்டும் அது வந்து போஸ் குடுக்குதாக்கும்?”

“ரோட்டோரம் போய்ப் பாரு. செத்தது ஓடாது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் சாலைகளில் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் மிருகங்களுக்குப் பஞ்சமே கிடையாது.

வாம்பட் பார்ப்பதற்குக் கொழுத்த கரடிக்குட்டி மாதிரி இருக்கும். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும். தாய் செத்தாலும் பைக்குள் குட்டி கொஞ்ச நேரம் பிழைத்திருக்கும். அதனால் அடிபட்டதைக் கண்டால் நிறுத்தி, பைக்குள் கையை விட்டுப் பார்ப்போம். பார்த்துவிட்டால் அதன் மேல் ஸ்பிரே பெயின்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பார்த்தாயிற்று, உயிர் இல்லை என்று அர்த்தம். அடுத்து வருகிறவர்கள் நிற்க வேண்டியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பழைய மர அறுவை மில்லைத் தாண்டிய வளைவில் ஒரு பெண் வாம்பட் கிடந்தது. காயம் வெளியே தெரியவில்லை. தூங்குவது போல ஒருக்களித்திருந்தது. விலாவில் பெருக்கல் குறி. வழக்கமாக ரோஸ் நிறத்தில் இருக்கும், இது மஞ்சள். கடையில் ரோஸ் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். யாரோ பார்த்துவிட்டார்கள், நாம் பைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மணி நான்கு பத்து. வெளிச்சம் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

முகம் நன்றாக வந்தது. சத்தியமாக மூட்டை இல்லை. கென்னட்டின் மூக்கை உடைக்கப் போகிறேன் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மூடுபனி இறங்க ஆரம்பித்தது. விலா சரியாகத் தெரியட்டும் என்று மேலே கிடந்த இலையைத் தட்டிவிட்டேன். கையுறையில் மஞ்சள் ஒட்டியது.

பெயின்ட் காயவில்லை.

நான் வந்ததிலிருந்து ஒரு வண்டி கூட அந்தப் பக்கம் போகவில்லை. வரும் வழியில் எதிரிலும் எதையும் பார்க்கவில்லை. நடந்து வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்து வர அங்கே வீடு எதுவும் கிடையாது.

வயிற்றுக் கோட்டை ஒரே இழுப்பில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். கோடு தப்பு. வயிறு இன்னும் கொஞ்சம் வெளியே இருந்தது. சரி என்று பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டு நிமிர்ந்தேன்.

வயிறு முதல் கோட்டுக்கே போயிருந்தது.

என் கோட்டில் தப்பில்லை. வயிறுதான் அசைந்தது...

அப்போது கேட்டது.

கட... கட... கட...

ஸ்பிரே டப்பாவைக் குலுக்கும் சத்தம். வளைவுக்குக் கீழே, பனிக்குள்ளிருந்து. அப்பாடா, ஆள் இருக்கிறது என்று எனக்கு உயிர் வந்தது.

“ஏங்க! இங்க வாங்க! இதுக்குள்ள ஏதோ அசையுது!”

சத்தம் நின்றது.

“பார்த்தாச்சு.”

பெண் குரல். சலித்துப்போன குரல்.

“இல்லைங்க, வயிறு அசையுது...”

“பார்த்தாச்சு. உசிர் இல்ல.”

பனிக்குள் ஒரு மழைக்கோட்டு தெரிந்தது. சாலையின் நடுவில் மண்டி போட்டிருந்தாள். முகம் தெரியவில்லை. நான் குனிந்து வாம்பட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். இப்போது கிட்டத்தில் இருந்தாள். அப்போதும் மண்டி போட்டபடி.

அவள் எழுந்ததை நான் பார்க்கவில்லை.

கட... கட...

ஓடிவிடலாம். ஆனால் உள்ளே ஒரு குட்டி இருந்தால்? இந்தக் குளிரில் அது ராத்திரியைத் தாண்டாது. கையுறையைக் கழற்றி, பைக்குள் கையை விட்டேன்.

சூடு.

ஏதோ ஒன்று என் விரலைப் பிடித்தது.

“உசிர் இருக்கு!” என்று கத்தினேன்.

கட... கட...

இப்போது என் முதுகுக்குப் பின்னால்.

“உசிர் இல்ல.”

காதோரம். மூச்சுக்காற்று மட்டும் படவில்லை.

குட்டியை வெளியே எடுத்தேன். உள்ளங்கை அளவு. ரோமம் முளைத்திருந்தது. ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டேன்.

ஸ்ஸ்ஸ்...

குட்டிதான் சீறுகிறது என்று நினைத்தேன்.

ஸ்ஸ்ஸ்...

ஓடினேன். நாற்காலி, பலகை, படம், எல்லாம் அங்கேயே. திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி வண்டியைக் கிளப்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஊரில் அநாதைக் குட்டிகளை எடுத்து வளர்ப்பவர் வெல்மா. அறுபது வயதைத் தாண்டிய விதவை. அவர் சமையலறையில் எப்போதும் ஹீட்டர் எரியும். நாற்காலி முதுகுகளில் துணிப்பைகள் தொங்கும், பைக்குப் பை ஒரு குட்டி. நான் கொண்டுபோனதை வாங்கி, காது, வாய் எல்லாம் பார்த்து, துணியில் சுற்றிக்கொண்டார்.

“குளிர்ல வெறச்சுப் போயிருக்கு. ஆனா தாங்கிடும். நல்ல வேளை கைய விட்டுப் பார்த்தே, கண்ணு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“குறி போட்டிருந்துச்சு வெல்மா. பார்த்தாச்சுன்னு ஒருத்தி அடிச்சுச் சொன்னா.”

“யாரு? நம்ம ஆளுங்க யாரும் இன்னிக்கு அந்தப் பக்கம் போகலையே. ரோஸ் தானே?”

“மஞ்சள்.”

பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

“எந்த எடத்துல?”

சொன்னேன். அவர் புட்டியைக் கீழே வைத்தார்.

“மஞ்சள்ல குறி போட்டவ ஹெஸ்டர் ஒருத்திதான். நீ இந்த ஊருக்கு வர்றதுக்கு முந்தி. அந்த வளைவுல மண்டி போட்டு ஒரு வாம்பட்டப் பாத்துக்கிட்டிருந்தா. ஏதோ லாரி... அடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான். அப்புறமா வந்த ரெண்டு பேரு எறங்கி, தொட்டுப் பார்த்துட்டு, உசிர் இல்லன்னு தார்ப்பாயப் போத்திட்டு, போன் பண்ணக் கீழ வந்துட்டாங்க. அன்னிக்குப் பாத்து ஒரே பனி. ஆம்புலன்ஸ் மேல ஏறினது காலைலதான்.”

“பாவம்...”

“அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னாரு, நெரிடா. விடியற வரைக்கும் தார்ப்பாய்க்கு அடியில அவ உசிரோடதான் இருந்திருக்கா.”

கை கழுவுகிற சாக்கில் எழுந்து, குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

“நெரிடா. அப்படியே நில்லு.”

நின்றேன். என் முதுகில் அவர் விரல் மேலிருந்து கீழே குறுக்காகப் போனது. பிறகு மறுபக்கத்திலிருந்து குறுக்காக. விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈர மஞ்சள்.

வெல்மா குட்டியை மேசை மேல் வைத்தார். என்னைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு விரலை என் கழுத்தில், தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

“இருக்கு” என்றார்.

ஆனால் விரலை எடுக்கவில்லை.